நகர்ப்புற உள்ளாட்சி உறுப்பினர்கள் மீதான நடத்தைப் புகார்களுக்கு நிலையான விசாரணை நடைமுறை கோரும் மனு

அனுப்புநர்:
நகராட்சிப் பகுதி குடியிருப்போர் நலச் சங்க நிர்வாகிகள்

பெறுநர்:
அரசுச் செயலாளர் அவர்கள்,
நகராட்சி நிர்வாகம் மற்றும் குடிநீர் வழங்கல் துறை,
தலைமைச் செயலகம், சென்னை.

நகல்: நகராட்சி நிர்வாக இயக்குநர் அவர்கள்

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வார்டு உறுப்பினர் ஒருவர் தூய்மைப் பணியாளரைத் தகாத வார்த்தைகளால் ஏசினால், வீடு கட்டுவோரிடம் மணல் இறங்கிய மறுநாளே பணம் கேட்டால், பெண் உறுப்பினருக்குப் பதிலாக அவருடைய கணவர் அலுவலகத்தில் உட்கார்ந்து உத்தரவிட்டால், பொதுமக்கள் யாரிடம் புகார் தருவது, எத்தனை நாளில் பதில் கிடைக்கும் என்பதற்குத் தெளிவான விடை இல்லை. ஆணையரிடம் மனு கொடுக்கலாம். ஆனால் அவர் கொண்டுவரும் பணிகளுக்கும் செலவுகளுக்கும் ஒப்புதல் தருவது அந்த உறுப்பினர் அங்கம் வகிக்கும் மன்றம்தான். மன்ற உறுப்பினர் ஒருவரை அவர் நடுநிலையோடு விசாரிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது அவருக்கே நியாயமாகாது. வார்டு குழுவில் முறையிடலாம் என்றால், அந்தக் குழுவுக்குத் தலைவரே புகாருக்கு உள்ளான உறுப்பினர். மனு பெற்றதற்கு ஒப்புகைச் சீட்டு கிடைப்பதோடு பெரும்பாலான புகார்களின் ஆயுள் முடிந்துவிடுகிறது.

சட்டத்தில் தண்டனை இல்லாமல் இல்லை. இருப்பது மிகப் பெரிய தண்டனை மட்டும்தான். 2025 மார்ச்சில் சென்னை, தாம்பரம் மாநகராட்சிகளின் உறுப்பினர்கள் மூவரையும் உசிலம்பட்டி நகர்மன்றத் தலைவரையும் அரசு பதவிநீக்கம் செய்தது. ஊராட்சிகளிலும் இதே நிலைதான். 1994-ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டத்தின் 205-ஆவது பிரிவு விளக்கம் கேட்பது, வட்டாட்சியர் கூட்டும் கூட்டத்தில் ஊராட்சியின் கருத்தை அறிவது, பிறகு ஆட்சியர் முடிவெடுப்பது என்று படிப்படியாகச் செல்கிறது. ஆனால் அத்தனை படிகளும் சென்று சேரும் இடம் தலைவரின் பதவிநீக்கம். மக்கள் வாக்கால் வந்த ஒருவரை வீட்டுக்கு அனுப்புவது எளிதான காரியமாக இருக்கவும் கூடாது. அதனாலேயே, பதவியைப் பறிக்கும் அளவுக்குப் போகாத தவறுகள் தண்டனையின்றி நழுவிவிடுகின்றன. தொடக்கத்திலேயே கண்டித்திருந்தால் நின்றிருக்கக்கூடிய செயல் நாளடைவில் வழக்கமாகிவிடுகிறது. எச்சரிக்கை, மன்றக் கூட்டத்தில் பதிவாகும் கண்டனம், குழுப் பொறுப்புகளிலிருந்து விலக்கல், மதிப்பூதியத்தைக் குறிப்பிட்ட காலம் நிறுத்திவைத்தல் என்ற இடைப்பட்ட நடவடிக்கைகள் விதிகளில் சேர்க்கப்பட வேண்டும் என்பதே எங்கள் முதன்மையான கோரிக்கை. 2023 ஜூலை முதல் மாதந்தோறும் மாநகராட்சி உறுப்பினருக்கு 10,000 ரூபாயும் நகராட்சி உறுப்பினருக்கு 5,000 ரூபாயும் பொதுப்பணத்திலிருந்து வழங்கப்படுகிறது. பொதுப்பணம் பெறுபவர் நடத்தை விதிக்குக் கட்டுப்படுவது இயல்பே. இடைப்பட்ட நடவடிக்கைகளின் தேவைக்கு வெளிநாட்டு அனுபவமும் சான்று. இங்கிலாந்தில் 2011-ஆம் ஆண்டுச் சட்டம் உள்ளாட்சி உறுப்பினர்களை இடைநீக்கும் அதிகாரத்தை நீக்கியது. அதன் விளைவுகளை ஆராய்ந்த பொதுவாழ்வு நெறிமுறைக் குழு, ஆறு மாதம் வரை இடைநீக்கும் அதிகாரத்தை மீண்டும் தர வேண்டும் என்று 2019-இல் பரிந்துரைத்தது.

தவறு செய்தவரை மக்களே தேர்தலில் தண்டிப்பார்கள் என்பது முதல் மறுப்பாக வரும். 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு 2022 பிப்ரவரியில்தான் தேர்தல் நடந்தது என்பதை நினைவூட்டுகிறோம். தேர்தல் உரிய காலத்தில் நடந்தாலும், இடஒதுக்கீட்டுச் சுழற்சியில் வார்டின் வகை மாறிவிட்டால் அதே நபர் அங்கே போட்டியிடவே முடியாமல் போகலாம். அப்போது வாக்காளர் தீர்ப்பளிக்க யாரும் எதிரில் இருக்க மாட்டார். உள்ளாட்சி முறைமன்ற நடுவம் இருக்கிறதே என்பார்கள். 2014-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த அந்த நடுவத்தை மதிக்கிறோம். ஊழலையும் முறைகேடான நிர்வாகத்தையும் விசாரிப்பது அதன் பணி. பணியாளரை இழிவாகப் பேசியதற்கும் கணவரின் தலையீட்டுக்கும் தொலைவூரிலிருந்து ஒருவர் சென்னை வரை போக வேண்டும் என்பது முறையான ஏற்பாடாகாது.

மிகவும் கவனத்துக்குரிய மறுப்பு வேறொன்று. புகார் என்ற கருவி பெண் உறுப்பினர்களுக்கும் பட்டியல் சாதி உறுப்பினர்களுக்கும் எதிராகவே திரும்பும் என்ற அச்சம் அது. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊர்களில் தனித்தொகுதித் தலைவர் பதவிக்கு 2006 வரை முறையான தேர்தல் நடக்கவிடாமல் தடுக்கப்பட்ட மாநிலம் இது. ஆகவே இந்த அச்சம் கற்பனையல்ல. அதனால்தான் விசாரணையை மன்றப் பெரும்பான்மையிடமோ ஆளும் கட்சியிடமோ விடக்கூடாது என்கிறோம். ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி ஒருவரைத் தலைவராகவும், பெண் ஒருவரையும் பட்டியல் சாதியைச் சேர்ந்த ஒருவரையும் உறுப்பினர்களாகவும் கொண்ட விசாரணைக் குழு மாவட்டந்தோறும் அமைய வேண்டும். கேரளத்தில் 2000-ஆம் ஆண்டு முதல் உள்ளாட்சிப் புகார்களுக்கு நீதித்துறை சார்ந்த நடுவம் இயங்கிவருவது இதற்கு முன்னுதாரணம். உறுப்பினருக்குப் புகாரின் நகலும் பதிலளிக்க 15 நாளும் தரப்பட வேண்டும். அடிப்படையற்ற புகாரைக் காரணத்தை எழுதித் தொடக்கத்திலேயே தள்ளுபடி செய்யும் அதிகாரம் குழுவுக்கு இருக்க வேண்டும். புகார் கொடுத்த பணியாளர் விசாரணை முடியும் வரை இடமாற்றம் செய்யப்படக் கூடாது.

இந்த நடைமுறையை 2023-ஆம் ஆண்டு நகர்ப்புற உள்ளாட்சி விதிகளில் திருத்தமாகச் சேர்க்கலாம். பதவிநீக்கத்தைப் பற்றிய சட்டப் பிரிவைத் தொட வேண்டியதில்லை. புகார் பதிவான 90 நாளுக்குள் முடிவும் அதற்கான காரணமும் நகராட்சி அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட வேண்டும் என்றும், வரைவுத் திருத்தத்தை இறுதி செய்யுமுன் குடியிருப்போர் சங்கங்களையும் உறுப்பினர்களையும் தூய்மைப் பணியாளர் சங்கங்களையும் அழைத்துக் கருத்துக் கேட்க வேண்டும் என்றும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
சங்கத் தலைவர், செயலாளர், பொருளாளர்