படகுக்காரர் "வேண்டாம்" என்றால்...

காலை ஏழு மணி. ஹாவ்லாக் தீவின் படகுத்துறையில் ஒரு குடும்பம் நிற்கிறது. அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள், பாட்டி. ஐந்து பேருக்கும் ஆரஞ்சு நிறத்தில் லைப் ஜாக்கெட் மாட்டியாகிவிட்டது. பிள்ளைகளுக்கு நிலைகொள்ளவில்லை.

படகுக்காரர் கடலைப் பார்க்கிறார்.

"இன்னும் ஒரு மணி நேரம் போகட்டும். நீர் ஏறட்டும்" என்கிறார்.

அப்பாவுக்குக் கோபம் வந்துவிடுகிறது. "பணம் கட்டியாகிவிட்டது. பகலில் கப்பல் ஏற வேண்டும். இன்னும் என்ன காத்திருப்பது?" என்று கேட்கிறார்.

விடுமுறை நாட்களில் அந்தமானில் காணக்கூடிய காட்சி இது. அந்த அப்பா கெட்டவர் அல்ல. வருஷம் முழுவதும் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம். ஆபீசில் கெஞ்சி வாங்கிய ஐந்து நாள் லீவு. அதில் ஒரு மணி நேரம் போகிறதே என்ற தவிப்பு. நியாயமான தவிப்புதான்.

ஆனால் அந்தப் படகுக்காரர் "வேண்டாம்" என்று சொல்லத் தெரிந்தவர். அவருக்குக் கொடுக்கும் பணத்தில் பெரும்பங்கு அந்த ஒரு சொல்லுக்காகத்தான். இது பலருக்குத் தெரிவதில்லை.

யானை நீந்திய கடல்

அந்தமான் தீவுகள் வங்கக் கடலின் கிழக்கே இருக்கின்றன. சென்னையிலிருந்து ஏறக்குறைய 1,350 கிலோமீட்டர். விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகம் ஆகும். கப்பலில் இரண்டரை, மூன்று நாள். தலைநகர் போர்ட் பிளேர். 2024-ம் ஆண்டில் அதற்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றினார்கள். ஹாவ்லாக் தீவுக்கும் 2018-ல் ஸ்வராஜ் தீவு என்று பெயர் சூட்டினார்கள். ஆனாலும் பயணிகள் வாயில் இன்னும் "ஹாவ்லாக்"தான்.

ஹாவ்லாக் படகுத்துறையிலிருந்து வேகப் படகில் சுமார் இருபது நிமிஷம் போனால் 'எலிபெண்ட் பீச்' வரும். யானைக் கடற்கரை!

ஒரு காலத்தில் மரம் இழுக்கும் வேலைக்காக அந்தமானுக்கு யானைகளைக் கொண்டு வந்தார்கள். அவை கடலில் நீந்தவும் பழகின. அப்படி நீந்திய யானைகளில் கடைசியாக மிஞ்சியது ராஜன். கடலுக்குள் அது காலை அசைத்து நீந்தும் படங்கள் உலகம் முழுவதும் பரவின. 2016-ல் ராஜன் ஹாவ்லாக்கிலேயே இறந்தது. இப்போது அந்தக் கடலில் நீந்துகிறவர்கள் மனிதர்கள்தான். யானைக்குத் தும்பிக்கை இருந்தது. மனிதர்கள் வாயில் ஒரு குழாயை வைத்துக்கொள்கிறார்கள்!

அதற்குப் பெயர்தான் 'ஸ்நார்கெலிங்'. கண்ணையும் மூக்கையும் மூடும் ஒரு கண்ணாடியை முகத்தில் மாட்டிக்கொள்ள வேண்டும். வளைந்த குழாயின் ஒரு நுனியைப் பல்லால் கடித்துக்கொள்ள வேண்டும். மறு நுனி தண்ணீருக்கு மேலே இருக்கும். பிறகு கடலில் குப்புற மிதந்தபடி, வாயால் மூச்சு விட்டுக்கொண்டு, அடியில் இருப்பதைப் பார்க்கலாம். ஆழத்துக்குப் போக வேண்டியதில்லை. முதுகில் காற்றுச் சிலிண்டர் கட்ட வேண்டியதில்லை. நீச்சல் தெரியாதவர்களைக்கூட லைப் ஜாக்கெட் மாட்டி, ஒரு ரப்பர் வளையத்தைப் பிடிக்கச் சொல்லி, வழிகாட்டி இழுத்துக்கொண்டு போவார்.

கேட்க எளிது. ஆனால் பிறந்த நாள் முதல் மூக்கால் மூச்சு விட்ட மனிதனுக்கு, வாயால் மட்டும் மூச்சு விடு என்றால் திகைப்பு வரும். முதல் முறை முகத்தைத் தண்ணீரில் வைத்தவுடன் பலர் பதறி எழுந்துவிடுவார்கள். இதில் வெட்கம் ஒன்றும் இல்லை. இடுப்பளவுத் தண்ணீரில் நின்று பத்து முறை பழகினால் பயம் போய்விடும். குழாயில் தண்ணீர் புகுந்தால் பலமாக ஒரு முறை ஊத வேண்டும். தண்ணீர் வெளியே பீறிட்டுப் போய்விடும்.

மீசைக்காரர்களுக்கு மட்டும் ஒரு சங்கடம் உண்டு. மீசை அடர்த்தியாக இருந்தால் கண்ணாடி முகத்தில் ஒட்டாது. இடைவெளியில் தண்ணீர் கசியும். சிலர் மூக்குக்குக் கீழே கொஞ்சம் வாசலைன் தடவிக்கொள்கிறார்கள். மீசையைத் தியாகம் செய்ய வேண்டியதில்லை!

வழிகாட்டி இந்தியிலோ வங்காளியிலோ பேசலாம். ஹாவ்லாக்கில் குடியேறியவர்களில் பெரும்பாலோர் வங்காளிக் குடும்பத்தினர். அவர் சொல்வது புரியாவிட்டால், புரிந்ததுபோல் தலையாட்டக் கூடாது. நம்மவர்களிடம் இந்தப் பழக்கம் நிறைய உண்டு. கூட்டத்தில் கேட்கக் கூச்சம்! கடலில் அந்தக் கூச்சம் ஆபத்து. "இன்னொரு முறை சொல்லுங்கள்" என்று கேட்டே ஆக வேண்டும். தண்ணீருக்குள் வாய்ப்பேச்சு கிடையாது. கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் வளையம்போல் சேர்த்துக் காட்டினால், "நன்றாக இருக்கிறேன்" என்று அர்த்தம். இதைக் குழந்தைகள் உடனே கற்றுக்கொள்கிறார்கள்.

கல் அல்ல, உயிர்

முகத்தைத் தண்ணீரில் வைத்தால் தெரிவது வேறு ஓர் உலகம். மான் கொம்புபோல் கிளை விட்ட பவளம். மனித மூளைபோல் மடிப்பு மடிப்பாக இருக்கும் பவளம். கிளியின் மூக்குப் போன்ற வாயால் பாறையைக் கொறிக்கும் கிளி மீன். கடல் சாமந்தியின் விரல்களுக்கு நடுவே, ஆரஞ்சும் வெள்ளையுமாக ஒளிந்து விளையாடும் சின்னஞ்சிறு கோமாளி மீன். மற்ற மீன்களைக் கொட்டும் அந்தச் சாமந்தி இதை மட்டும் கொட்டுவதில்லை. கிளி மீன் கொறித்து விழுங்கிக் கழிவாக வெளியேற்றும் பவளத் தூள்கூடக் கரையின் வெள்ளை மணலில் சேர்கிறது.

பவளப்பாறையைப் பார்த்தவுடன் "கல்" என்றுதான் தோன்றும். அது கல் அல்ல. மிகச் சிறிய பிராணிகள் ஆயிரக்கணக்கில் ஒட்டி வாழும் வீடு அது. ஒவ்வொரு பிராணியும் தன்னைச் சுற்றிச் சுண்ணாம்பால் கூடு கட்டுகிறது. ஒன்று செத்தால் அதன் கூட்டின் மேல் இன்னொன்று கட்டுகிறது. உருண்டையாக வளரும் பவளம், வருஷத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தாலே அதிகம். ஒரு பானை அளவுக்கு ஒரு பவளம் இருந்தால், அது தாத்தா பாட்டி வயதுடையது என்று வைத்துக்கொள்ளலாம்.

அதன் மேல் ஒருவர் ஏறி நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார். ஒரு நிமிஷம்தான். கிளை ஒடிகிறது. மேல்தோல் நசுங்குகிறது.

"நீர் ஏறட்டும்" என்று படகுக்காரர் சொன்னதற்குக் காரணம் இதுதான். அந்தமானில் கடல் மட்டம் ஒரே நாளில் இரண்டு மீட்டர் வரைகூட ஏறி இறங்கும். வற்றிய நேரத்தில் சில இடங்களில் பவளத்துக்கு மேல் முழங்கால் அளவுத் தண்ணீர்தான் நிற்கும். மிதக்க முடியாது. காலை ஊன்றினால் பவளம் உடையும். காலும் கிழியும். பவளம் கிழித்த புண் சீக்கிரத்தில் ஆறாது. நீர் ஏறிய பிறகு போனால் பாறையும் தப்பும், பாதமும் தப்பும்.

பவளங்களுக்கு ஏற்கெனவே துன்பம் குறைவில்லை. 2004 டிசம்பர் 26-ல் பூமி அதிர்ந்தபோது வட அந்தமானில் நிலம் மேலே எழும்பியது. கடலுக்குள் இருந்த பவளப்பாறைகள் வெயிலில் காய்ந்து செத்தன. 2010-லும் 2016-லும் கடல் நீர் அளவு மீறிச் சூடாகியது. பவளத்தின் உடலுக்குள் நுண்ணிய பாசி வாழ்கிறது. அதுதான் பவளத்துக்கு உணவும் நிறமும் தருகிறது. தண்ணீர் சூடானால் பவளம் அந்தப் பாசியை வெளியே தள்ளிவிடும். பிறகு வெள்ளை வெளேர் என்று ஆகிவிடும். சூடு சீக்கிரம் தணிந்தால் பிழைக்கும். தணியாவிட்டால் பட்டினியால் சாகும். கடலின் சூட்டைச் சுற்றுலாப் பயணி தணித்துவிட முடியாது. காலைத் தூக்கிக்கொள்ள முடியும்.

கையோடு ஒரு துண்டு எடுத்து வருவதும் கூடாது. 1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி பவளத்தை எடுப்பது குற்றம். கரையில் ஒதுங்கியது என்று சொன்னாலும் விமான நிலையத்தில் பிடிபட்டால் வம்புதான்.

வெயிலுக்குப் பூசும் கிரீமிலும் பவளத்துக்குக் கேடு செய்யும் மருந்துகள் உண்டு. ஹவாய் தீவுகளில் அப்படிப்பட்ட இரண்டு மருந்துகள் கலந்த கிரீம்களை விற்க 2021 முதல் தடை. முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டால் கிரீம் செலவும் மிச்சம். சேலையும் துப்பட்டாவும் மட்டும் தண்ணீரில் வேண்டாம். காலைச் சுற்றிக்கொள்ளும்.

இரண்டு துயரங்கள்

2010-ம் ஆண்டில் ஹாவ்லாக் தீவில், ஆள் அரவமற்ற ஒரு வளைகுடாவில் ஒரு வெளிநாட்டுப் பெண் ஸ்நார்கெலிங் செய்தார். அங்கே உவர்நீர் முதலை வந்தது. அவர் உயிரிழந்தார். உப்புத் தண்ணீரில் முதலையா என்று வெளியூர்க்காரர்கள் வியக்கலாம். அந்தமான் கழிமுகங்களில் அது உண்டு. எந்தக் கரையில் அதன் நடமாட்டம் என்பது உள்ளூர்க்காரருக்குத் தெரியும். தண்ணீரின் அழகைப் பார்த்து இறங்குகிறவருக்குத் தெரியாது.

இன்னொன்று தமிழ்நாடு மறக்க முடியாதது. 2014 ஜனவரி 26. போர்ட் பிளேர் அருகே ராஸ் தீவுக்கும் நார்த் பே கடற்கரைக்கும் இடையே ஒரு சுற்றுலாப் படகு கவிழ்ந்தது. 20-க்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அவர்களில் பலர் காஞ்சிபுரத்திலிருந்து சுற்றுலா சென்றவர்கள். படகில் ஏற்ற வேண்டிய அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றியிருந்தார்கள். அன்று "இத்தனை பேர் வேண்டாம்" என்று ஒரு குரல் எழுந்திருந்தால்!

அந்தக் குரல் ஏன் எழுவதில்லை? படகுக்காரருக்கு நடைக்கு இத்தனை என்று வருமானம். "வேண்டாம்" என்று சொன்னால் அன்றைய பிழைப்புப் போய்விடும். பயணி முகம் சுளிப்பார். பக்கத்துப் படகுக்கு மாறிவிடுவார். அந்தப் படகுக்காரர் "வாருங்கள், ஒன்றும் ஆகாது" என்பார். கண்டிப்பாக இருப்பவர் நஷ்டப்படுகிறார், துணிந்தவர் சம்பாதிக்கிறார். இதற்குப் பயணிகளும் பொறுப்பு. காற்றோ அலையோ காரணமாகப் பயணம் நின்றால், மறுநாள் அழைத்துப் போவதா, பணத்தைத் திருப்பித் தருவதா என்பதை முன்கூட்டியே பேசிக்கொள்வது நல்லது. எழுத்தில் வாங்கிக்கொண்டால் இன்னும் நல்லது. அப்போது படகுத்துறையில் சண்டைக்கு இடமில்லை. படகில் எத்தனை பேர் ஏறலாம் என்று கேட்டு, தலைகளை எண்ணிப் பார்ப்பதும் அப்பாவின் வேலைதான். ஒருவர் கூடுதலாக இருந்தாலும் ஏறக் கூடாது.

வழிகாட்டிகள் எல்லோரும் உத்தமர்கள் என்று சொல்லிவிட முடியாது. மீன் கூடி வரட்டும் என்று ரொட்டித் துண்டு போடுகிறவர்கள் உண்டு. போட்டோ நன்றாக வரட்டும் என்று பவளத்தின் மேல் நிற்கச் சொல்கிறவர்களும் உண்டு. அங்கே "வேண்டாம்" என்று சொல்ல வேண்டியவர் பயணிதான். வழிகாட்டியிடம் மறைக்கக் கூடாதவையும் இருக்கின்றன. இருதயக் கோளாறு, ஆஸ்துமா, வலிப்பு, கர்ப்பம் இவற்றில் எது இருந்தாலும் முன்பே சொல்லிவிட வேண்டும். மது அருந்திவிட்டுக் கடலில் இறங்குவதைப் பற்றிப் பேசவே தேவையில்லை.

அரசாங்கம் "வேண்டாம்" என்று சொல்லிப் பலன் கண்ட இடமும் உண்டு. போர்ட் பிளேருக்கு அருகே வண்டூரில் மகாத்மா காந்தி கடல் தேசியப் பூங்கா இருக்கிறது. 1983-ல் ஏற்படுத்தியது. அதில் உள்ள ஜாலி பாய் தீவுக்குப் பிளாஸ்டிக் பையுடன் போக முடியாது. அந்தத் தீவை வருஷம் முழுவதும் திறந்து வைப்பதும் இல்லை. சில மாதங்கள் அதை மூடி, ரெட் ஸ்கின் என்ற தீவைத் திறக்கிறார்கள். மாடுகளை மேய்ச்சல் மாற்றிக் கட்டுவதுபோலத்தான்! அங்கே கண்ணாடி அடிப்பாகம் வைத்த படகுகளும் இருக்கின்றன. முகம் நனையாமல், வெற்றிலை போட்டுக்கொண்டே பவளம் பார்க்கலாம். பாட்டிமார்களுக்கு ஏற்றது.

ஹாவ்லாக் படகுத்துறையில் மணி எட்டேகால் ஆகிறது. காய்ந்து கிடந்த படிக்கட்டில் இப்போது இரண்டு படிகள் தண்ணீருக்குள் போய்விட்டன. படகுக்காரர் கையைக் காட்டுகிறார். பாட்டியைக் கைப்பிடித்து முதலில் ஏற்றுகிறார்கள். அப்பா வாய்க்குள் ஒவ்வொருவராக எண்ணுகிறார். எண்ணி முடித்த பிறகு ஏறுகிறார்.

எலிபெண்ட் பீச்சில், விழுந்து கிடக்கும் ஒரு மரத்தின் மேல் பாட்டி உட்கார்ந்துகொள்கிறாள். சிறிது நேரத்தில் கடலுக்குள்ளிருந்து பேத்தியின் தலை எழும்புகிறது. வாயில் குழாய் இருப்பதால் பேச முடியவில்லை. விரலை வளையமாகச் சேர்த்துக் காட்டுகிறாள். பாட்டிக்கு அந்தச் சாடை தெரியாது. இருந்தாலும் அவளும் விரலை வளைத்துக் காட்டுகிறாள்.