கரிப்புகையும் பஞ்சுத் தூசியும் யார் கணக்கில்?

அறுவடை முடிந்து, கண்மாய் வற்றி, பங்குனி வெயில் ஏறிவிட்டால் திருச்சுழிப் பக்கத்து முள்ளுக்காடுகளில் கரிமூட்டங்கள் புகையத் தொடங்குகின்றன. ஐப்பசி மழை இறங்கும்வரை இந்தத் தொழில்தான். ஆடிக் காற்று கிளம்பினால் புகையோடு புழுதியும் சேர்ந்து குடிசைக்குள் நுழைகிறது. அருப்புக்கோட்டைப் பஞ்சாலைகளிலோ இதற்குப் பருவமே கிடையாது. கார்டிங் பகுதியில் பன்னிரண்டு மாதமும் பஞ்சுத் தூசிதான்.

மூட்டம் என்பது என்ன? சீமைக் கருவேலை வெட்டி அடுக்கி, வைக்கோலும் செத்தையும் பரப்பி, மண்ணால் மூடித் தீ வைக்கிறார்கள். உள்ளே போதிய காற்று இல்லாததால் விறகு சாம்பலாகாமல் கரியாகிறது. வெளியே வருவது பாதி எரிந்த புகை. அதிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. மண் மூடாக்கில் ஓட்டை விழுந்தால் விறகெல்லாம் சாம்பலாகிவிடும். ஆகவே இரவிலும் பக்கத்திலேயே காவல் கிடக்க வேண்டும். கரி லாரியேறிப் போகிறது. புகை தொழிலாளியின் நெஞ்சில் தங்குகிறது.

பஞ்சுத் தூசியின் கதையும் இதுதான். வார விடுமுறை கழிந்து ஷிப்டுக்கு வந்த முதல் நாளில் நெஞ்சு இறுகும், மறுநாள் தணியும். ஆண்டுகள் ஓடினால் எல்லா நாளும் இறுக்கம்தான். இதற்கு பைசினோசிஸ் என்று பெயர். இது தொழில்வழி நோய் என்று சட்டமே ஏற்றுக்கொண்டிருக்கிறது. நஷ்டஈடு கேட்கவும் உரிமை உண்டு. ஆனால், "பீடி குடித்திருப்பாய்" என்று ஒரே வார்த்தையில் தட்டிக் கழிப்பது நிர்வாகத்துக்குச் சுலபம்.

சர்க்கார் என்ன செய்கிறது? காற்றை அளக்கிறது! 2019-ல் தேசியத் தூய காற்றுத் திட்டம் வந்தது. காற்று கெட்ட நகரங்களின் பட்டியலில் தூத்துக்குடியும் சேர்க்கப்பட்டது. நல்லதே. ஆனால் அது நகரங்களுக்கான திட்டம். மூட்டங்கள் புகைவதோ கிராமத்துக் காட்டில். நுண்தூசி கனமீட்டருக்கு ஆண்டுச் சராசரியாக 40 மைக்ரோகிராம் வரை இருக்கலாம் என்பது 2009-ஆம் ஆண்டின் இந்திய அளவுகோல். உலக சுகாதார நிறுவனம் 2021-ல் சொன்ன அளவோ வெறும் 5. இந்தச் சராசரியிலும் ஒரு சூது உண்டு. மழை மாதத்துச் சுத்தக் காற்றையும் மூட்ட மாதத்துப் புகையையும் கலந்து சராசரி போடுவது, பண்ணையாரின் குதிரையும் கூலிக்காரனின் சட்டியையும் சேர்த்து ஊருக்குச் சோறு போதும் என்று சொல்வது போலத்தான்.

தூத்துக்குடி நமக்குச் சொல்லும் பாடம் வேறு. 2013 மார்ச்சில் அந்த ஊர் மக்கள் மூச்சுத் திணறினார்கள். ஸ்டெர்லைட் தாமிர ஆலையை மூடச் சொல்லி 2018-ல் நூறாவது நாளாகப் போராடியபோது, மே 22 அன்றும் மறுநாளும் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 13 உயிர்கள் பலியாயின. அதன் பிறகே ஆலை மூடப்பட்டது. திறக்கக் கோரிய மேல்முறையீட்டை 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் தள்ளுபடி செய்தது. காற்றுக் கருவி அந்த ஆலையை மூடவில்லை, தோழர்களே, மக்கள் மூடினார்கள்.

அப்படியானால் மூட்டங்களையும் மூடிவிடலாமா? கூடாது என்கிறோம் நாம். வானம் பொய்த்த காட்டில், நிலமற்ற விவசாயத் தொழிலாளியின் கோடைக்காலக் கஞ்சி அதில்தான் வேகிறது. "புகை வேண்டாமென்றால் கூலியும் இல்லை" என்று கரி வியாபாரி மிரட்டுவான். "தூசியைச் சொன்னால் ஆலையை இழுத்து மூடுவோம்" என்று ஆலை முதலாளி மிரட்டுவான். இரண்டும் ஒரே குரல். மூடிய உலோக உலையில் அந்தப் புகையையே எரித்து வெப்பமாக்கிக் கரி எடுக்கும் முறை உலகில் இருக்கிறது. ஆலையில் தூசியை உறிஞ்சும் இயந்திரமும் இருக்கிறது. இல்லாதது லாபத்தில் கைவைக்கும் மனம் ஒன்றுதான்.

ஆகவே நாம் கோருவது இவை: கார்டிங் பகுதியில் தூசியை அளந்து அந்தக் கணக்கை ஆலை வாசலில் ஒட்ட வேண்டும். காண்டிராக்ட் தொழிலாளர் உள்பட அனைவருக்கும் ஆண்டுதோறும் நுரையீரல் பரிசோதனை நடத்த வேண்டும். கரிமூட்டத் தொழிலாளரை நலவாரியத்தில் பதிந்து, மூட்ட மாதங்களில் மருத்துவரை ஊருக்கே அனுப்ப வேண்டும். குடியிருப்பை விட்டு எட்ட மூட்டம் போட வேண்டும். புகையில்லா உலைக்கு சர்க்கார் பணம் தர வேண்டும்; அதைத் தொழிலாளர் கூட்டுறவிடம் ஒப்படைக்க வேண்டும்.

அண்ணன் ஆலையில் இருமுகிறான். தம்பி மூட்டத்தில் இருமுகிறான். இரவில் இருவரும் படுப்பது ஒரே கூரையின் கீழ்தான். இருமும்போது ஒன்றாயிருப்பவர்கள் கேட்கும்போதும் ஒன்றாய்க் கேட்கட்டும். ஆலை வாசலிலும் கரிக்காட்டிலும் ஒரே கொடி பறக்கட்டும்!