திரும்பி வந்தாலும் முழு வாடகை

தை, மாசி மாதங்களில் நெல் அறுவடை முடிந்து, வைக்கோலைப் போரில் அடைத்தாகிவிட்டால் இராமநாதபுரம், விருதுநகர், தூத்துக்குடி மாவட்டங்களின் மானாவாரிக் கிராமங்களில் கொஞ்சம் மூச்சுவிட நேரம் கிடைக்கிறது. மிளகாய்ப் பழம் எடுக்கும் வேலை உண்டென்றாலும் அது எல்லோருக்கும் எல்லா நாளும் இருப்பதில்லை. இந்த இடைவெளியில் உழவர் மன்றத்தினர் பத்துப் பேர் சேர்ந்து, ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு, ஒரு படகை ஒரு நாளைக்கு வாடகைக்குப் பேசி, மன்னார் வளைகுடாவில் தூண்டில் போட்டு வரக் கிளம்புவது உண்டு.

உழவர் பக்கத்தில் கடலுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். விதை நேர்த்தி பற்றியும் காய்ப்புழு பற்றியும் கேட்க வருகிறவர்கள், எழுந்து போகும்போது தயங்கித் தயங்கிக் கேட்கும் கேள்வி இது என்பதால் எழுதுகிறேன். நான் மீன்வளம் படித்தவன் அல்லன். ஆனால் இந்தப் பயணத்தைத் தவறாகத் திட்டமிட்டால் என்ன ஆகும் என்பதைப் பட்டுத் தெரிந்துகொண்டவன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாடகை பேசும்போது ஒரு நிபந்தனையை நாமாகவே முன்வந்து சொல்ல வேண்டும். கரைக்கு வந்தபின் "இன்று வேண்டாம்" என்று படகோட்டி சொன்னாலும், பாதி வழியில் படகைத் திருப்பினாலும், ஒரு மீன்கூட அகப்படாவிட்டாலும் பேசிய வாடகை முழுவதும் அவருக்கு உண்டு என்பதே அது. மற்ற ஏற்பாடுகள் எல்லாம் இதற்குப் பின்புதான்.

2009-ஆம் ஆண்டு ஜூன் மாதக் கடைசியில் அருப்புக்கோட்டைப் பக்கத்து உழவர்கள் பதினோரு பேருடன் கீழக்கரைக்கு மேற்கே ஒரு கடற்கரைக் கிராமத்துக்குப் போனேன். பேசி வைத்திருந்தது ஒரு மீன்பிடி வள்ளம். வாடகை பேசியவன் நான். பாதிப் பணம் முன்னால், மீதி திரும்பி வந்து மீனைப் பார்த்த பின்னால் என்று பேசியிருந்தேன். ஏமாறாமல் பேசிவிட்டோம் என்ற பெருமைகூட எனக்கு இருந்தது. விடியுமுன் கரையில் நின்ற படகோட்டி வானத்தைப் பார்த்து, "கச்சான் ஏறுது ஐயா, மத்தியானத்துக்கு மேல சரிப்படாது" என்றார். எங்களில் ஒருவர், "இம்புட்டுத் தூரம் வந்துட்டு வெறுங்கையோட போறதா அண்ணே?" என்றார். நானும் ஒன்றும் சொல்லவில்லை. அவர் மறுபேச்சில்லாமல் வள்ளத்தைத் தள்ளினார்.

பத்து மணிக்கே காற்று முறுகிவிட்டது. அலை பக்கவாட்டில் அறைந்து தண்ணீர் உள்ளே விழுந்தது. இயந்திரம் இருமுறை நின்றது. இருந்த குவளை, வாளி எல்லாவற்றாலும் தண்ணீரை இறைத்தோம். ஒருவர் பலகையில் விழுந்து இடக்கை மணிக்கட்டை முறித்துக்கொண்டார். ஆடி மாதம் முழுவதும் அவர் மாவுக்கட்டோடு இருக்க, அவர் நிலத்தின் உழவை மைத்துனர் பார்க்க வேண்டியதாயிற்று. கரை சேர்ந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. "காலையிலேயே முடியாது என்று சொல்லியிருக்கலாமே" என்று படகோட்டியிடம் கேட்டேன். "நீங்க காசு குடுத்துட்டீக. மீதிக் காசு மீனைப் பாத்துத்தான்னு சொல்லிட்டீக. நான் எப்படிய்யா வேணாம்னு சொல்ல?" என்றார்.

அவர் சொன்னது சரி. கடலை அறிந்தவர் அந்தப் படகில் அவர் ஒருவர்தான். அவருடைய வாயை நான் பேசிய வாடகை கட்டிப்போட்டிருந்தது.

பருவத்தைப் பார்ப்போம். மன்னார் வளைகுடாவையும் அதற்கு வடக்கே உள்ள பாக் விரிகுடாவையும் இராமேசுவரம் தீவும் அதற்கப்பால் உள்ள மணல் திட்டுகளும் பிரிக்கின்றன. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும்போது வளைகுடாப் பக்கம் கொந்தளிக்கும், பாக் பக்கம் அடங்கியிருக்கும். அக்டோபருக்கு மேல் வாடைக் காற்று வந்தால் இது தலைகீழாக மாறும். பாம்பன் பகுதி மீனவர்கள் பருவம் பார்த்து இரண்டு பக்கமும் மாறி மாறித் தொழில் செய்வது இதனால்தான். வாடைக்காலத்தில் வளைகுடா ஓரளவு அடங்கியிருக்கும் என்று நம்பி கார்த்திகை, மார்கழியில் நாள் குறிக்க வேண்டாம். அது புயல் காலம். தனுஷ்கோடியை அழித்த புயல் 1964-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் தேதி இரவு வந்தது. ஒக்கிப் புயல் 2017-ஆம் ஆண்டு நவம்பர் 30-இல் கன்னியாகுமரி மீனவர்களைக் கடலிலேயே பிடித்துக்கொண்டது. கடலிலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கே அந்த நிலை என்றால் நாம் எம்மாத்திரம்?

எஞ்சியிருப்பது தை பிற்பகுதி முதல் பங்குனி வரை. நம் அறுவடை ஓய்வும் அப்போதுதான் வருகிறது என்பது நல்ல பொருத்தம். பங்குனிக் கடைசியில் தண்ணீர் நன்றாகச் சூடேறிவிடுகிறது. இந்த வளைகுடாவின் பவளப்பாறைகள் 2010-இலும் 2016-இலும் அந்தச் சூட்டில் வெளுத்துப்போயின. கோடையில் இன்னொரு ஆபத்தும் உண்டு. இங்கே காற்றே இல்லாதபோது, வெகுதொலைவில் தெற்கே இந்துமாக்கடலில் எழுந்த அலை கரைக்கு வந்து மோதும். இதைக் கள்ளக்கடல் என்கிறார்கள். வானத்தைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. ஐதராபாத்தில் உள்ள இந்தியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் இதற்கு முன்னறிவிப்புத் தருகிறது. வானிலை ஆய்வு மையத்தின் மீனவர் எச்சரிக்கையுடன் இதையும் புறப்படும் முன்னாள் மாலையில் கேட்டறிய வேண்டும். சித்திரை பிறந்ததும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்களுக்கு விசைப்படகுகளுக்கும் இழுவைப்படகுகளுக்கும் மீன்பிடித் தடைக்காலம். மீன் முட்டையிடும் காலம் என்பதால் வந்த தடை அது. விதை நெல்லைக் குத்திச் சாப்பிடக் கூடாது என்பதை நமக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே தடையில்லாத படகு கிடைத்தாலும் அந்த இரண்டு மாதமும் பொழுதுபோக்குக்காகத் தூண்டில் போட வேண்டாம் என்பேன்.

அடுத்தது படகு. மீன்பிடித் தொழிலுக்குப் பதிவான படகு வேறு, வாடகைக்கு ஆளேற்ற அனுமதி பெற்ற படகு வேறு. 2009-இல் நான் இதையும் கவனிக்கவில்லை. படகின் காகிதங்களை வாங்கிப் பாருங்கள். எத்தனை பேர் ஏறலாம் என்று அதில் எழுதியிருக்கிறதோ அதற்கு மேல் ஒருவர்கூட வேண்டாம். சந்தேகம் இருந்தால் உள்ளூர் மீன்வளத்துறை அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்கலாம். ஏறுகிற ஒவ்வொருவருக்கும் லைப் ஜாக்கெட் இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்து, கரையிலேயே அணிந்துகொள்ள வேண்டும். மூட்டையாகக் கட்டிப் படகின் அடியில் போட்டுவைத்தது ஆபத்து நேரத்தில் கைக்கு வராது. கடலோரக் காவல் படைக்கு 1554, கடலோரப் பாதுகாப்புக் காவல் குழுமத்துக்கு 1093. இந்த இரண்டு எண்களையும் கரையில் இருக்கும் ஒருவரிடம் எழுதிக் கொடுத்து, எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்பதையும் சொல்லிச் செல்லுங்கள்.

படகின் உடைமையாளரான சம்மாட்டி ஒருவராகவும், படகை ஓட்டுகிறவர் வேறொருவராகவும் இருக்கலாம். அப்படியானால் நிபந்தனையை இருவரும் ஒன்றாக நிற்கும்போது சொல்லுங்கள். சம்மாட்டியிடம் மட்டும் சொன்னால் அது ஓட்டுகிறவர் காதுக்குப் போய்ச் சேரும் என்பது நிச்சயமில்லை.

இடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். தூத்துக்குடிக்கும் பாம்பனுக்கும் இடையே 21 தீவுகளையும் சுற்றியுள்ள ஆழம் குறைந்த கடலையும் சேர்த்து ஏறத்தாழ 560 சதுர கிலோமீட்டர், 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. அங்கே மீன் பிடிக்கக் கூடாது. வனத்துறை அனுமதியில்லாமல் தீவில் இறங்கவும் கூடாது. இந்த 21-இல் பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் கடலுக்குள் போய்விட்டன. சுண்ணாம்புக்காகப் பவளப்பாறையை வெட்டியெடுத்தது அதற்கு ஒரு காரணம். வரப்பை வெட்டினால் வயலுக்கு என்ன ஆகுமோ அதுதான் அங்கே ஆனது. பூங்காவுக்கு வெளியிலும் பாறைமேல் நங்கூரம் போட வேண்டாம். கடல் குதிரை, கடல் அட்டை, ஆமை, ஆவுளியா எனப்படும் கடற்பசு, பவளம் ஆகியவை 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. பிள்ளைகளுக்கு விளையாட்டுக் காட்டவென்று ஒரு துண்டுப் பவளம் கொண்டுவந்தாலும் குற்றம். தனுஷ்கோடிப் பக்கம் இலங்கைக் கடல் எல்லை மிக அருகில் இருக்கிறது. அங்கே போகச் சொல்லிப் படகோட்டியை வற்புறுத்தாதீர்கள்.

தூண்டில், இரை பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. கணவாய்த் துண்டும் சாளையும் போதும். நரம்பும் முள்ளும் படகிலேயே இருக்கும். பாறையோரத்தில் விளமீனும் களவாயும் கிடைக்கும், ஓடும் படகிலிருந்து இழுத்தால் பாறை மீன் அகப்படலாம். விடியுமுன் கரைக்காற்றோடு கிளம்பி, நண்பகலில் கடற்காற்று வலுக்குமுன் திரும்பிவிடுவது நல்லது. குமட்டல் வரும் என்று பயந்து பட்டினியாகப் போகாதீர்கள். இரண்டு இட்லி சாப்பிட்டுப் போனவர்கள்தான் நன்றாக இருந்தார்கள்.

மன்றத்துப் பொருளாளர்கள் என்னிடம் ஒரு எதிர்க்கேள்வி கேட்கிறார்கள். முழுப் பணமும் நிச்சயம் என்று தெரிந்தால், படகோட்டி சோம்பல்பட்டு "காற்று" என்று பொய் சொல்லிவிட மாட்டாரா? சொல்லலாம். அப்படிப்பட்டவரைக் கண்டுகொள்வதும் கடினமில்லை. அவரைப் போன்ற படகுகள் எல்லாம் கடலுக்குப் போய்க்கொண்டிருக்க அவர் மட்டும் வேண்டாம் என்றால் அடுத்த முறை வேறு ஆளைப் பாருங்கள். போனது ஒரு நாள் வாடகை. பத்துப் பேரில் பங்கிட்டால் அது தாங்கக்கூடியதுதான்.

எரிக்காத எண்ணெய்க்கு மட்டுமாவது கழித்துக்கொள்ளலாமே என்றும் கேட்கிறார்கள். கணக்குப்படி அது நியாயமே. ஆனால் அதிகாலை நாலு மணி இருட்டில், கரையில் நின்றுகொண்டு எண்ணெய்க்கு எவ்வளவு, கூலிக்கு எவ்வளவு என்று பேச ஆரம்பித்தால், வேண்டாம் என்று சொல்ல நினைத்தவர் "சரி, போய்ப் பார்ப்போம்" என்று மாறிவிடுவார். அறுவடைக்கு வந்த ஆட்கள் அரிவாளோடு வரப்பில் நிற்கும்போது மழை பிடித்துக்கொண்டால் அரைக்கூலி கொடுத்து அனுப்புகிறோம். அங்கே அரைக்கூலி சரி. அவர்கள் நின்றுவிட்டதால் யார் உயிரும் பிழைக்கவில்லை. படகோட்டி நின்றால் பிழைப்பது நம் உயிர்.

ஒரு விதிவிலக்கை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். முந்தின நாள் மாலைக்குள் அவரே தகவல் சொல்லிவிட்டால் வாடகை இல்லை, வாங்கி வைத்த இரைக்கும் பனிக்கட்டிக்கும் உரிய பணத்தைக் கொடுத்தால் போதும். அவர் வேறு தொழில் பார்த்துக்கொள்வார், நமக்கும் பேருந்துச் செலவு மிச்சம்.

சென்ற மாசியில் ஒரு மன்றத்தாருடன் இந்த நிபந்தனையின் பேரில் போனேன். எட்டுப் பேருக்கு அனுமதி உள்ள படகு. நாங்கள் ஏழு பேர். கரையில் நின்ற படகோட்டி கொஞ்ச நேரம் கிழக்கே பார்த்துவிட்டு வேண்டாம் என்று தலையசைத்தார். பொருளாளர் முகம் சுருங்கினாலும் பணத்தை அங்கேயே எண்ணிக் கொடுத்தார். ஏலக்கூடத்தில் ஆளுக்குக் கொஞ்சம் மீன் வாங்கிக்கொண்டு முதல் பேருந்தில் திரும்பிவிட்டோம். பத்து நாள் கழித்து அந்தப் படகோட்டியே தொலைபேசியில் அழைத்தார். "ஐயா, புதன்கிழமை கடல் தட்டையாக் கெடக்கும், வாங்க. எண்ணெய்க் காசு மட்டும் குடுங்க, போதும்." எண்ணெய்க்கும் உடன் வந்த ஆளின் கூலிக்குமாகச் சேர்த்துக் கொடுத்தோம். அன்று அகப்பட்டவை பதினோரு விளமீனும் இரண்டு பாறையும்.