பிளேடு முறிவும் கையெழுத்தும்: சங்கத்தின் நிலைப்பாடு

சேலையூரில் கூடிய விமானப் பராமரிப்பாளர் சங்கச் செயற்குழு, நெடுநேர விவாதத்துக்குப் பின் ஏற்ற நிலைப்பாடு இது.

பழைய ஜெட்களில் எஞ்சின் பிளேடு விரிசல் சோதனையில் தவறிப்போனால், கடைசியாகக் கையெழுத்திட்டவரே பொறுப்பு என்று வந்திருக்கும் சுற்றறிக்கையை, இப்போதைய வடிவில், சங்கம் ஏற்பதற்கில்லை. பொறுப்பைத் தட்டிக்கழிக்கவில்லை. கையெழுத்து எங்களுடையதுதான்.

ஆனால் எதைப் பார்த்துப் போட்ட கையெழுத்து? 2018 ஏப்ரல் 17 அன்று சவுத்வெஸ்ட் 1380 விமானத்தில் 13ஆம் எண் ஃபேன் பிளேடு முறிந்து ஒரு பயணி இறந்தார். விரிசல் இருந்தது டிஸ்கில் செருகியிருக்கும் அடிப்பாகத்தில். கழற்றாமல் எந்த டார்ச்சும் அங்கே எட்டாது. 2012இல் ஒளிரும் சாயம் தடவிச் சோதித்தபோதே அது பெரும்பாலும் இருந்திருக்கும், பிடிபடவில்லை என்றது விசாரணை.

அதே ஆண்டு பிப்ரவரியில் ஹொனலுலு சென்ற யுனைடெட் 1175 விமானத்திலும் பிளேடு முறிந்தது. 2015இல் அதைச் சோதித்தவர் கண்ணில் அறிகுறி பட்டது. பெயிண்ட் கோளாறு என்று நினைத்துவிட்டார். விசாரணை அவரோடு நின்றுவிடவில்லை. அந்தச் சோதனைக்கு முறையான பயிற்சியே உற்பத்தியாளரிடம் இல்லை என்று எழுதியது. சுற்றறிக்கை எழுதியவர்கள் அந்த விசாரணை அறிக்கையைப் புரட்டியாவது பார்த்தார்களா?

எங்கள் சோதனையோ இப்படி நடக்கிறது: இரவு இரண்டு மணி. காற்றில் ஃபேன் தானாகச் சுழலும். ஒரு கையால் பிடித்து நிறுத்தி, மறுகையால் பிளேடின் முன்விளிம்பைத் தடவிக்கொண்டே வரவேண்டும். சிறு நெளிவும் விரலுக்குத்தான் முதலில் தெரியும். சிஎஃப்எம்56-7பி எஞ்சினில் 24 பிளேடு. பத்தாவதில் போன்: "முடிஞ்சுதா?" பதினைந்தாவதில் மறுபடி. எண்ணிக்கை தவறினால் முதலிலிருந்து. கேட்டவர் பெயர் எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. எங்கள் பெயர் ஏறும்!

எனவே, சோதிப்பவர் பார்க்க முடியாத பகுதியைக் குறிக்க, சோதனைப் படிவத்தில் 'எட்டாத இடம்' என்று ஒரு கட்டம் வேண்டும். தாம்பரம் விமானப்படைத் தளத்தில் பணியாற்றி ஓய்வுபெற்ற மூத்த உறுப்பினர்கள் இதில் உறுதியாக நின்றார்கள். போரோஸ்கோப் பயிற்சி, இரவு ஷிஃப்ட் நேரம், உதிரிபாகத் தாமதம் ஆகியவற்றில் சங்கத்தின் முந்தைய கோரிக்கைகள் தொடர்கின்றன.

இவ்வறிக்கை எந்தத் தனி நிறுவனத்தையும் குறித்ததல்ல.

சுற்றறிக்கை திரும்பப் பெறப்படும்வரை, அவசரப்படுத்தும் போன் வந்த நேரத்தை உறுப்பினர்கள் பணிக்குறிப்பில் எழுதிவைப்பது நலம் எனச் செயற்குழு கருதுகிறது. 'எழுதியே ஆகவேண்டும்' என்றிருந்தது முதல் வரைவு.