நம்ம பிள்ளைங்க எடுத்த படம்

"நம்ம பிள்ளைங்க எடுத்த படம், ஆதரவு கொடுங்க." மலேசியத் தமிழ்ப் படம் ஒன்று வரும்போதெல்லாம் புலனத்தில் இந்த வாக்கியம் சுற்றும். எனக்கு இதைக் கேட்டாலே எரிச்சல். ஆதரவு என்பது உண்டியலில் போடும் காசு மாதிரி. போட்டவர் கணக்குக் கேட்பதில்லை, வாங்கியவர் திருந்துவதுமில்லை.

பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்தபோது நண்பர்களோடு 18 நிமிடக் குறும்படம் ஒன்று எடுத்தேன். பால்மரம் வெட்டும் ஓர் அம்மாவின் கதை. மண்டபத்தில் திரையிட்டு மதிப்பீட்டுத் தாள் கொடுத்தோம். 60 தாள்களிலும் 'சிறப்பு', 'வாழ்த்துகள்', ஐந்துக்கு நான்கு. சராசரி போட்டுப் பார்த்து நாங்களும் பூரித்துப்போனோம்.

அப்புறம் செங்கில் ஒரு வீட்டு வாசலில் மடிக்கணினியில் போட்டுக் காட்டினோம். தோட்டத்தில் வேலை செய்து ஓய்ந்த ஆயா ஒருவர் பாதியில் சிரித்துவிட்டார். அது நாங்கள் அழவைக்க எடுத்த காட்சி. "ஏன்டா தம்பி, உச்சி வெயில்ல யாருடா மரம் வெட்டுவா? பால் வடியுமா?"

விடிவதற்குள் வெட்டினால்தான் பால் நன்றாக வடியும். வெயில் ஏற ஏறக் குறைந்துவிடும். 60 தாள்களில் ஒன்றுகூட இதைச் சொல்லவில்லை. அதிகாலை ஐந்து மணிக்குத் தலைவிளக்கோடு, கொசுக்கடியோடு அந்தக் காட்சியை மறுபடி எடுத்தோம். இரண்டாம் முறை பார்த்த ஆயா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "அந்தப் பிள்ளைக்குப் பசியாற என்ன கொடுத்தா?" படத்துக்குள் அவர் வந்துவிட்டார் என்று அப்போது புரிந்தது.

'படைப்பாளிக்கு எவனும் சொல்லித்தரத் தேவையில்லை' என்று சிலர் கிளம்புவார்கள். அவர்கள் கையில் ஆர்சன் வெல்ஸ் இருப்பார். 1942இல் 'தி மாக்னிஃபிசன்ட் ஆம்பர்சன்ஸ்' முன்னோட்டத்தில் பார்வையாளர்கள் தப்பான இடத்தில் சிரித்தார்கள். வெல்ஸ் பிரேசிலில் இருந்த நேரம் பார்த்து, ஆர்.கே.ஓ. நிறுவனம் 40 நிமிடத்துக்கு மேல் வெட்டி, முடிவையும் மாற்றியது. அநியாயம்தான். ஆனால் அந்தச் சிரிப்பு பொய்யில்லை. அதற்கு நிறுவனம் செய்த வைத்தியம்தான் பொய். தொழிற்சாலையில் இயந்திரம் அலறினால், கோளாறு இருக்கிறது என்றுதான் அர்த்தம். எந்தப் பாகத்தைக் கழற்றுவது என்பதைப் பொறியாளன்தான் கண்டுபிடிக்க வேண்டும். 'பின்னணி இசையைக் கூட்டுங்க' என்று பார்வையாளர் சொன்னால் அங்கே சலிப்பு தட்டியிருக்கிறது. ஒருவேளை கூட்டவேண்டியது இசையாக இருக்காது, வெட்டவேண்டியது காட்சியாக இருக்கும்.

அதனால் மாணவர்களுக்குச் சொல்கிறேன்: நட்சத்திரம் கேட்காதீர்கள். படம் ஓடும்போது திரையைப் பார்க்காமல் முகங்களைப் பாருங்கள். எங்கே கைப்பேசியை எடுத்தீர்கள், எங்கே நம்பவில்லை என்று மட்டும் கேளுங்கள். பதில் வரும்போது விளக்கம் கொடுக்காமல் வாயை மூடிக்கொள்ளுங்கள். அந்த வாழ்க்கையை வாழ்ந்த ஒருவரையாவது உட்காரவையுங்கள்.

2015இல் வந்த சஞ்சய் குமார் பெருமாளின் 'ஜகாட்', அடுத்த ஆண்டு மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியத் திரைப்படமாகத் தேர்வானது. தோட்டத்தை விட்டு வந்த குடும்பத்தைப் பூசி மெழுகாமல் காட்டிய படம். அதோடு நாம் சண்டை போடலாம், பரிதாபப்பட வேண்டியதில்லை.

அடுத்த முறை யாராவது ஆதரவு கேட்டால் டிக்கெட் வாங்குங்கள். பார்த்துவிட்டு, எங்கே தூக்கம் வந்தது என்று இயக்குநரிடமே சொல்லுங்கள். கோபப்பட்டால் படட்டும்.