தோட்டா உள்ளே போனால் போதுமா?



வேளாண்மை கதிர் தள்ளுகிற காலம். வட்டையில் பன்றிக் காவலுக்காக வாப்பாமாரின் பழைய துவக்குகளை வெளியே எடுக்கிறோம். "12 போர் துவக்கு, 12 போர் தோட்டா. வேறென்ன பார்க்க இருக்கு சேர்?" என்று கேட்கிறார்கள். இருக்கிறது.

பழைய துவக்குகள் பலவற்றில் தோட்டா அறையின் நீளம் 65 மில்லிமீற்றர். இன்றைய தோட்டாக்கள் பெரும்பாலும் 70. அந்த 70 என்பது வெடித்து வாய் விரிந்த பிறகுள்ள நீளம். வாய் மடித்த புதுத் தோட்டா 65 அறைக்குள்ளும் சுகமாகப் போய்விடும். வெடிக்கும்போதோ வாய் முழுதாக விரிய இடமிருக்காது, அழுத்தம் ஏறும். துருப்பிடித்துத் தேய்ந்த குழல் அதை எத்தனை தடவை தாங்கும்?

20 போர் தோட்டா கலந்துவிட்டால் இன்னும் மோசம். 12 போர் குழலுக்குள் அது நழுவி முன்னால் சிக்கிக்கொள்ளும். அறை காலி என்று நினைத்து இன்னொன்றைப் போட்டுச் சுட்டால் குழலே வெடிக்கும். 20 போர் தோட்டாவை மஞ்சள் நிறத்தில் செய்வது இதற்காகத்தான்.

லேத்தில் கொடுத்து அறையை நீட்டிக்கொள்ளலாம் என்கிறார்கள் சிலர். என் அபிப்பிராயம், வேண்டாம். குடைந்தால் குழலின் சுவர் மெலியும். அனுமதி பெற்ற துவக்குத் திருத்துனரிடம் காட்டி, அறையை அளந்து, அதற்குரிய தோட்டாவையே வாங்குங்கள். கிடைக்காவிட்டால் துவக்கு வீட்டிலேயே இருக்கட்டும். தகரம் தட்டிக் காவல் காப்போம்.

பன்றி தின்ற வேளாண்மை அடுத்த போகம் வரும். காவலுக்குப் போன பிள்ளையின் கண்ணும் கையும் வராது.