மீன் தொட்டிக்கு வண்ணக்கல் எதற்கு?



கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்ப்பது இன்று பெருநகரங்களோடு நின்றுவிடவில்லை. அலங்கார மீன் வணிகத்திற்குப் பெயர் பெற்ற சென்னைக் கொளத்தூர் எங்கோ இருக்கிறது. அரியலூர் மாவட்டத்தில், முந்திரித் தோப்புகள் சூழ்ந்த எங்கள் வரதராஜன்பேட்டையிலும் சில வீட்டுக் கூடங்களில் தொட்டிகளைக் காணலாம். பல தொட்டிகளில் ஒரே காட்சிதான். அடியில் வெள்ளையும் நீலமும் ரோஜா நிறமுமாகச் சாயம் ஏற்றிய கற்கள். மேலே நாள் முழுவதும் எரியும் நீல விளக்கு. நடுவே வெளிறிப்போய், ஒரு மூலையில் ஒதுங்கி நிற்கும் மீன்கள்.

"கடையில் பார்த்தபோது பளபளவென்று இருந்ததே!" என்று வீட்டில் அங்கலாய்ப்பார்கள். தீனியும் நோயும் காரணமாக இருக்கலாம். ஆனால் முதலில் சந்தேகப்பட வேண்டியவை தரையும் விளக்கும்தான் என்பது என் கருத்து. மீனுக்கு ஏற்ற தரையையும் ஒளியையும் கொடுங்கள். தொட்டி தானே அழகு பெறும்.

இதை என் பேச்சுக்காக நம்ப வேண்டாம். நீங்களே சோதித்துப் பாருங்கள். குட்டையிலிருந்து ஒரே அளவுள்ள இரண்டு கெண்டைக் குஞ்சுகளைக் கொண்டுவந்து, குட்டை நீரோடு இரண்டு கண்ணாடிச் சாடிகளில் விடுங்கள். ஒரு சாடிக்கு அடியிலும் சுற்றிலும் கறுப்புத் தாள். மற்றதற்கு வெள்ளைத் தாள். இரண்டும் ஒரே வெளிச்சத்தில், வெயில் படாமல் இருக்கட்டும். அரைமணி நேரம் கழித்துத் தாள்களை எடுத்துவிட்டு, இரு சாடிகளையும் ஒரே பழுப்புத் தாளின்மேல் அருகருகே வைத்து உடனே பாருங்கள். வெள்ளைத் தாளில் இருந்த மீன் வெளிறியிருக்கும்.

ஏன் ஒரே தாளின்மேல் வைக்கச் சொன்னேன்? பின்னணி மாறினாலே நம் கண்ணுக்கு நிறம் மாறித் தோன்றும். அந்த மயக்கத்தை விலக்கிய பிறகும் வேறுபாடு தெரிந்தால், மாற்றம் மீனின் உடலிலேயே நடந்திருக்கிறது என்று பொருள். மீனின் தோலில் கருநிறமிச் செல்கள் உள்ளன. தரை வெளுப்பாக இருந்தால் நிறமித் துகள்கள் செல்லின் நடுவே திரண்டுகொள்கின்றன, மீன் வெளிறுகிறது. தரை கறுப்பாக இருந்தால் அவை செல் முழுவதும் பரவுகின்றன, நிறம் அழுத்தமாகிறது. பகைவர் கண்ணுக்குத் தப்ப இயற்கை தந்த உபாயம் இது. சோதனை முடிந்ததும் மீன்களை அதே குட்டையில் விட்டுவிடுங்கள்.

ஆகவே தொட்டியின் தரைக்குக் கருமையான அல்லது பழுப்பான, கூர்முனை இல்லாத பருமணலே ஏற்றது. இரண்டடி நீளமும் ஓரடி அகலமும் உள்ள தொட்டிக்குச் சராசரி 5 சென்டிமீட்டர் உயரத்திற்குப் போட, சுமார் 14 கிலோ மணல் வேண்டும். அதைச் சமமாகப் பரப்ப வேண்டாம். நீரின் ஒளிவிலகல் எண் 1.33, எனவே முன்னிருந்து பார்க்கும்போது 30 சென்டிமீட்டர் அகலம் ஏறக்குறைய 22 சென்டிமீட்டராகச் சுருங்கித் தெரியும். முன்புறம் 3, பின்புறம் 7 சென்டிமீட்டர் என்று மணலைச் சரிவாக அமைத்தால், இழந்த ஆழம் கண்ணுக்குத் திரும்பக் கிடைக்கும். காசு செலவில்லாத அலங்காரம் இது.

கல் பொறுக்கும்போது நம் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு ஓர் எச்சரிக்கை. அரியலூர் மண் சுண்ணாம்புக்கல்லுக்குப் பெயர் பெற்றது. இங்குள்ள சிமெண்ட் ஆலைகள் நிற்பதே அதை நம்பித்தான். அழகாக இருக்கிறதே என்று அந்தக் கல்லைத் தொட்டியில் போட்டால், சிறிது சிறிதாகக் கரைந்து நீரைக் கடினமாக்கும். மென்னீரில் வாழும் மீன்களுக்கு அது ஆகாது. கல்லின்மேல் சில சொட்டு வினிகர் விடுங்கள். நுரைத்தால் அது வெளியேயே இருக்கட்டும்.

இனி விளக்கு. "கடல் நீலமாகத்தானே இருக்கிறது? தொட்டிக்கும் நீல ஒளி பொருத்தம்தானே?" என்று கேட்பீர்கள். திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி. வி. இராமன் 1921-இல் கப்பலில் செல்லும்போது மத்தியதரைக் கடலின் நீலத்தைக் கண்டு வியந்தார். அது வானத்தின் பிரதிபலிப்பு மட்டுமன்று, நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்று விளக்கினார். நீர் சிவப்பொளியை உறிஞ்சுவதும் நீலத்திற்குத் துணை. ஆனால் இவையெல்லாம் கண்ணுக்குப் புலப்படப் பல மீட்டர் ஆழம் வேண்டும். ஒன்றரை அடித் தொட்டியில் தெரியும் நீலம் விளக்கின் நீலமே.

அந்த ஒளியில் சிவப்பு இல்லை. இல்லாத சிவப்பைச் செந்நிற மீன் எப்படித் திருப்பி அனுப்பும்? அது கறுத்துத்தான் தெரியும். வெள்ளை எல்.இ.டி. விளக்கே போதும். அதிலும் மலிவானவை பலவற்றில் சிவப்பு குறைவு. பெட்டியில் 'சி.ஆர்.ஐ.' என்று ஓர் எண் இருக்கும். நிறங்களை உள்ளபடி காட்டும் திறனை அது குறிக்கிறது. 90 அல்லது அதற்கு மேல் இருந்தால் நல்லது. விளக்கை முன்கண்ணாடிப் பக்கமாக வையுங்கள். நியான் டெட்ரா மீனின் நீலக்கோடு சாயத்தால் ஆனதன்று. நுண்ணிய படிகத் தகடுகளில் ஒளி பட்டுத் திரும்புவதால் தோன்றுவது. பின்னாலிருந்து ஒளி வந்தால் அந்த மினுக்கம் நம் கண்ணுக்கு வராது. நாளொன்றுக்கு எட்டு மணி நேர ஒளி போதும். மிஞ்சினால் பாசி பெருகும். மீனுக்கும் இருட்டு வேண்டும்.

நிறத்தின்மேல் உள்ள ஆசை எதுவரை போகிறது தெரியுமா? நம் நாட்டு நீர்நிலைகளில் உடலின் உள்ளெலும்பு தெரியும் கண்ணாடி மீன் ஒன்று வாழ்கிறது. அதன் உடலில் ஊசியால் சாயம் ஏற்றி விற்கும் கொடுமை உலகச் சந்தையில் பல ஆண்டுகளாக நடந்து வந்திருக்கிறது. சாயம் சில மாதங்களில் மங்கிவிடும். மீன் பட்ட துன்பம் மங்குமா? கரிய மணலின் மேல், முன்னிருந்து விழும் ஒளியில், சாயமில்லாத அதே மீன் வெள்ளியும் பொன்னுமாக மின்னும்.

அடுத்த முறை கடைக்குப் போகும்போது வண்ணக்கல் பொட்டலத்தையும் சாயம் ஏற்றிய மீனையும் வேண்டாம் என்று சொல்லுங்கள். வாங்குவோர் இல்லையென்றால் விற்போரும் இல்லை.